தன்னைக் கரைத்து இரும்பைக் காக்கும் உலோகம்: சர் ஹம்ப்ரி டேவியின் வாழ்க்கை

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்கள் சிலவற்றில் லயத்து வீடுகள் இன்னும் நிற்கின்றன. பலகைச் சுவர்களைக் கறையான் அரித்திருக்கும். படிக்கட்டில் பாசி படர்ந்திருக்கும். ஆனால், கூரையை அண்ணாந்து பார்த்தால், அலையலையாய் வளைந்த தகடுகள் பல இடங்களில் சாம்பல் நிறம் மாறாமல் இருப்பதைக் காணலாம். பல பத்தாண்டுகளாக மழையையும் வெயிலையும் தாங்கிய தகடுகள் அவை. நம் தாத்தா பாட்டிகள் அவற்றை ‘ஜிங்க் கூரை’ என்பர். உண்மையில் அந்தத் தகடு முழுவதும் ஜிங்க் அன்று. உள்ளே இருப்பது இரும்பு. அதன் இரு புறமும் மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே ஜிங்க் எனப்படும் துத்தநாகம்.

சமையலறைக்கு வருவோம். சார்டின் மீன் அடைத்த டின்னை எடுத்துப் பார்த்தால், அதன் உட்புறம் வெள்ளியைப் போல மின்னும். அதுவும் பெரும்பாலும் இரும்புத் தகடுதான். அதன்மேல் பூசப்பட்டிருப்பது வெள்ளீயம். நம் பேச்சு வழக்கில் இதை ஈயம் என்கிறோம். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணிலிருந்து அள்ளி எடுக்கப்பட்டு, உலகெங்கும் அனுப்பப்பட்ட உலோகம் இதுவே.

துத்தநாகமும் வெள்ளீயமும் இரும்பைத் துருவிலிருந்து காக்கின்றன. ஆயினும், அவை காக்கும் முறை ஒன்றன்று. ஒன்று கவசமாக மட்டும் நிற்கிறது. மற்றொன்று கவசமாக நின்று, கவசம் கிழிந்த பின்னரும் தன்னையே கரைத்துக்கொண்டு காக்கிறது. ஓர் உலோகம் தன்னைக் கொடுத்து மற்றோர் உலோகத்தைக் காக்கும் என்பதை ஆய்வின் மூலம் விளக்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் சர் ஹம்ப்ரி டேவி. அவரும் நம்மைப் போல ஈய மண்ணில் பிறந்தவரே.

ஈய மண்ணின் மைந்தர்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வால் என்னும் பகுதி உள்ளது. வெள்ளீயமும் செம்பும் நிறைந்த அம்மண்ணில், பல நூற்றாண்டுகளாகச் சுரங்கத் தொழில் நடந்துவந்தது. பிற்காலத்தில் அங்கிருந்த சுரங்கப் பொறியாளர்கள் கிந்தா பள்ளத்தாக்குக்கும் வந்தனர். கோப்பெங் வட்டாரத்தில் ஈயம் எடுத்த நிறுவனம் ஒன்றுக்குக் கார்ன்வாலின் ரெட்ரூத் நகரில் அலுவலகம் இருந்தது. அந்தக் கார்ன்வாலின் பென்சான்ஸ் என்ற கடலோரச் சிற்றூரில், 1778ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் டேவி பிறந்தார். ஊருக்கு உள்ளே சென்றால் சுரங்கம். வெளியே வந்தால் கடல். இவ்விரண்டுமே அவருடைய வாழ்க்கையின் போக்கைத் தீர்மானித்தன.

தந்தை இராபர்ட் டேவி மரச் செதுக்கு வேலை செய்பவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் ஹம்ப்ரி. பள்ளியில் அவர் சிறந்த மாணவராக விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. மீன் பிடிப்பதிலும் கதை சொல்வதிலும் கவிதை எழுதுவதிலும் அவருடைய பொழுது கழிந்தது. 1794ஆம் ஆண்டு தந்தை இறந்தார். அவர் விட்டுச் சென்றது கடன் மட்டுமே. தாயார் கிரேஸ் ஒரு கடை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். விளையாட்டுப் பிள்ளையாக இருந்த பதினைந்து வயது ஹம்ப்ரி அதன்பின் மாறினார். தாமே பாடத் திட்டம் வகுத்துக்கொண்டு, மொழிகளையும் கணிதத்தையும் அறிவியலையும் படிக்கத் தொடங்கினார்.

1795ஆம் ஆண்டு அவர் உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். மருந்து கலக்கும் வேலை அவரை வேதியியலின் பக்கம் இழுத்தது. பிரெஞ்சு அறிஞர் இலவாசியே எழுதிய வேதியியல் நூலை அவர் 1797இல் படித்தார். படித்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கிடைத்த பாத்திரங்களையும் குழாய்களையும் வைத்துக்கொண்டு, நூலில் சொல்லப்பட்டவை சரிதானா என்று தாமே சோதித்துப் பார்த்தார். பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதிக்காத அந்த இளைஞருக்கு, ஒவ்வொன்றையும் செய்து பார்த்து அறியும் பழக்கமே ஆசானாயிற்று.

பிரிஸ்டலிலிருந்து இலண்டனுக்கு

1798இல், தமது பத்தொன்பதாவது வயதில், டேவி பிரிஸ்டல் நகருக்குச் சென்றார். வாயுக்களைக் கொண்டு நோய்களைக் குணப்படுத்த முடியுமா என்று ஆராயும் நிலையம் ஒன்று அங்கே இயங்கியது. அதில் டேவிக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொரு வாயுவையும் அவர் தாமே முகர்ந்து சோதித்தார். இன்று எந்த ஆய்வுக்கூடமும் அனுமதிக்காத ஆபத்தான முறை அது. நச்சு வாயு ஒன்றை முகர்ந்து ஒருமுறை உயிர் போகும் நிலைக்கும் சென்றார். சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு வலியை மறக்கச் செய்வதையும் அவர் உணர்ந்தார். அறுவை மருத்துவத்தில் அது பயன்படலாம் என்று 1800ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எழுதினார். ஆயினும், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கருத்தை எவரும் கைக்கொள்ளவில்லை. சரியான ஒரு கருத்து, தனக்குரிய காலம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. டேவியின் வாழ்க்கையில் இது இன்னொரு முறையும் நடக்கவிருந்தது.

1801இல் இலண்டன் இராயல் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. மறு ஆண்டே அவர் பேராசிரியரானார். அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்க இலண்டன் மக்கள் திரண்டனர். மேடையில் பேச்சோடு நிறுத்தாமல், பார்வையாளர் கண்முன்னே சோதனைகளையும் செய்து காட்டினார். கடனில் தத்தளித்த குடும்பத்துப் பிள்ளை, சில ஆண்டுகளில் நாடறிந்த அறிஞரானார்.

மின்சாரம் திறந்த கதவு

அக்காலத்தில் அறிவியல் உலகைப் புதிய கருவி ஒன்று கவர்ந்திருந்தது. 1800ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, இரு வேறு உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, தொடர்ந்து மின்னோட்டம் தரும் மின்கல அடுக்கை அறிவித்தார். இதற்கு முன்பே மற்றோர் இத்தாலியரான கல்வானி, இறந்த தவளையின் காலில் இரு உலோகங்கள் பட்டால் அது துடிப்பதைக் கண்டிருந்தார். இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று தொடர்புகொண்டால் மின்சாரம் பிறக்கிறது. இந்த உண்மையை டேவி இறுகப் பற்றிக்கொண்டார்.

வேதிவினையால் மின்சாரம் பிறக்குமானால், மின்சாரத்தால் வேதிப்பொருளைப் பிரிக்கவும் முடியும் அல்லவா? டேவி பெரிய மின்கல அடுக்குகளை அமைத்து, உருகிய பொருள்களின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தினார். 1807இல் பொட்டாசியம், சோடியம் ஆகிய இரு புதிய உலோகங்களைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டு கால்சியம், மக்னீசியம், பேரியம், ஸ்ட்ரோன்டியம் ஆகியவற்றையும் பிரித்துக் காட்டினார். தனிமங்கள் ஒன்றோடொன்று சேர்வதற்கும் பிரிவதற்கும் மின் ஆற்றலோடு நெருங்கிய தொடர்பு உண்டு என்பது அவருடைய முடிவு. பிற்காலத்தில் செம்பையும் இரும்பையும் பற்றி அவர் சிந்தித்ததற்கு இதுவே அடித்தளம்.

1812இல் அவருக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஒரு வேதிப்பொருள் வெடித்து அவருடைய கண்ணில் காயம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு, ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனும் புத்தகம் கட்டும் தொழில் பழகியவருமான மைக்கல் பாரடே, டேவியின் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு குறைந்த அந்த இளைஞருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் டேவியே. பின்னாளில் பாரடேயின் புகழ் வளர்ந்தபோது, அறிவியல் சங்கத்தில் அவர் உறுப்பினராவதை டேவி எதிர்த்தார் என்பதும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. பெரிய மனிதரிடமும் சிறிய குறைகள் உண்டு.

சுரங்கத்தில் ஒரு விளக்கு

1812ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிவிபத்தில் 92 பேர் மாண்டனர். விளக்கின் சுடர், சுரங்கத்தில் தேங்கியிருக்கும் எரிவாயுவில் பட்டால் இத்தகைய விபத்துகள் நேரும். உதவுமாறு கேட்டுக்கொள்ளப்பட்ட டேவி, 1815இல் ஒரு விளக்கை அமைத்தார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை இருந்தது. வலை வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால், உள்ளே எரியும் தீ வெளியே உள்ள வாயுவுக்குப் பரவுவதில்லை. இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தால் பெரும் பணம் சேர்ந்திருக்கும். ஆனால், அவர் காப்புரிமை பெற மறுத்துவிட்டார். ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்னும் பொறியாளரும் அதே காலத்தில் ஒரு காப்பு விளக்கை அமைத்ததால், யார் முதல்வர் என்ற சர்ச்சை நீண்ட நாள் நடந்தது. 1820இல் டேவி, இங்கிலாந்தின் உயரிய அறிவியல் அமைப்பான இராயல் சங்கத்தின் தலைவரானார். அவர் ஏறிய சிகரம் அதுவே. அதன்பிறகுதான் கடல் அவரை அழைத்தது.

கடலில் கரைந்த செம்பு

அக்காலப் போர்க்கப்பல்கள் மரத்தால் ஆனவை. கடலில் வாழும் மரத்துளைப் புழுக்கள் அந்த மரத்தை அரித்துவிடும். பாசியும் கொட்டலசு என்னும் ஓட்டு உயிர்களும் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைக்கும். இதைத் தடுப்பதற்காகப் பிரிட்டிஷ் கடற்படை, நீரில் மூழ்கும் பகுதி முழுவதையும் செம்புத் தகடுகளால் போர்த்தியது. புழுக்கள் துளைக்கவில்லை, பாசியும் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால், வேறொரு தொல்லை வந்தது. உப்புநீரில் செம்பு கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்தது. தகடுகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்ததால் பெரும் பொருட்செலவு ஏற்பட்டது. 1823இல் கடற்படை நிர்வாகம் இராயல் சங்கத்தின் உதவியை நாடியது. தலைவரான டேவி அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

செம்பு தரமற்றதாக இருப்பதால்தான் கரைகிறது என்று பலர் எண்ணினர். டேவி வேறு கோணத்தில் பார்த்தார். உலோகம் அரிக்கப்படுவது ஒரு மின்வேதிச் செயல். செம்பின் மின்நிலையைச் சற்றே மாற்றிவிட்டால், அது கடல்நீரோடு வினைபுரியாது. அந்த மாற்றத்தை ஏற்படுத்த மின்கலம் வேண்டியதில்லை. செம்பைவிட எளிதாக வினைபுரியும் மற்றோர் உலோகத்தை அதோடு தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்தாலே போதும்.

அவர் செம்புத் தகட்டைக் கடல்நீரில் இட்டு, அதில் சிறு துத்தநாகத் துண்டைப் பொருத்தினார். துத்தநாகம் மெல்லக் கரைந்தது. செம்போ பளபளப்பு மாறாமல் இருந்தது. பட்டாணி அளவு துத்தநாகம் அல்லது ஒரு சிறிய இரும்பு ஆணியின் முனை, 40 முதல் 50 சதுர அங்குலம் வரையிலான செம்பைக் காத்தது. 1824ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்முடிவுகளை அவர் இராயல் சங்கத்தில் அறிவித்தார். சோதனைகளில் பாரடேயும் உதவினார்.

இன்று நாம் இதை எலெக்ட்ரான்களைக் கொண்டு விளக்குகிறோம். டேவியின் காலத்தில் எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்படவில்லை. உலோகங்களுள் சில தம் எலெக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும்; சில இறுகப் பிடித்துக்கொள்ளும். எளிதில் விட்டுக்கொடுக்கும் வரிசையில் அடுக்கினால் துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், செம்பு என அமையும். இவற்றுள் இரண்டு, ஈரத்தில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால், வரிசையில் முன்னே நிற்பது கரையும். பின்னே நிற்பது காக்கப்படும்.

வெற்றியே தோல்வியான கதை

ஆய்வுக்கூட வெற்றி அனைவரையும் மகிழ்வித்தது. 1824இலேயே ‘சமராங்’ முதலிய போர்க்கப்பல்களின் செம்புப் போர்வையில் இரும்புக் காப்புத் துண்டுகள் பொருத்தப்பட்டன. டேவியும் ‘காமெட்’ என்ற நீராவிக் கப்பலில் நார்வே நாட்டுக் கடற்பகுதிவரை சென்று சோதனை செய்தார். செம்பு கரையவில்லை. அவருடைய கணக்கு சரியாகவே இருந்தது.

ஆனால், கடலிலிருந்து திரும்பிய கப்பல்களும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் வேறொரு செய்தியைச் சொல்லின. காக்கப்பட்ட செம்புத் தகடுகளின்மேல் பாசியும் கொட்டலசும் அடர்ந்து வளர்ந்திருந்தன. காரணம் இதுதான்: செம்பு கரையும்போது வெளிப்படும் சேர்மங்கள் அந்த உயிர்களுக்கு நஞ்சு. செம்பு கரைந்துகொண்டிருந்த வரையில் அவை ஒட்டவில்லை. கரைவது நின்றதும் நஞ்சும் நின்றது. உயிர்கள் வந்து குடியேறின. செம்பைக் காத்தது உண்மை. ஆனால், செம்பு எதற்காகப் போர்த்தப்பட்டதோ அந்தப் பயனில் ஒரு பாதி போயிற்று. பாசி படர்ந்த போர்க்கப்பல் வேகமாகச் செல்லாது. போரில் அது பெரும் ஆபத்து. எனவே, 1825இல் காப்புத் துண்டுகளைப் பயன்படுத்துவதைக் கடற்படை நிர்வாகம் கைவிட்டது.

செய்தி ஏடுகள் டேவியைக் குறைகூறின. நாட்டின் முதன்மை அறிவியலாளர், எல்லாருடைய கண்முன்னும் தோற்றவராகத் தெரிந்தார். அறிவியல் விதி தவறவில்லை. கப்பல் என்பது செம்பும் உப்புநீரும் மட்டுமன்று, கடலில் உயிர்களும் உள்ளன என்பதே கணக்கில் விடுபட்டிருந்தது. ஒரு சிக்கலைத் தீர்க்கும்போது, அது வேறு எதனோடு பின்னிக்கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டேவி இதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றார்.

அந்த மனவேதனையோடு உடல்நலமும் குன்றியது. 1826ஆம் ஆண்டின் இறுதியில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. மறு ஆண்டு இராயல் சங்கத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். உடல் தேறுவதற்காக ஐரோப்பிய நாடுகளில் பயணம் செய்தார். இளமையில் பழகிய மீன்பிடிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1829ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில், தமது ஐம்பதாவது வயதில் டேவி காலமானார். அந்நகரிலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இரும்புக்கு ஒரு காவலன்

டேவி மறைந்தார், அவர் கண்ட விதி மறையவில்லை. இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கினால் பூச்சு படியும் என்பதை மலூயின் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1742ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். ஆனால், அது ஏன் இவ்வளவு நன்றாகக் காக்கிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. 1837இல் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காப்பது மின்செயலே என்பதால், கல்வானியின் பெயரால் அம்முறையை அழைத்தார். இன்று நாம் ‘கல்வனைஸ்’ செய்யப்பட்ட இரும்பு என்பது அதிலிருந்து வந்ததே. தவளையின் காலை ஆராய்ந்த அறிஞரின் பெயர், தோட்டத்து வீட்டின் கூரைமேல் வந்து அமர்ந்தது!

கூரைத் தகடு எப்படிக் காக்கப்படுகிறது என்று பார்ப்போம். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு சேர்ந்தால் துரு இன்னும் விரைவாகும். துருவுக்கு இறுகிப் பிடிக்கும் தன்மை இல்லை. அது செதில் செதிலாய் உதிர, அடுத்த அடுக்கு வெளிப்பட்டு அதுவும் துருவாகிறது. இரும்பைத் தூய்மை செய்து, சுமார் 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகியிருக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுப்பர். மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து, இறுகப் படியும் சாம்பல் நிறப் படலமாகிறது. லயத்து வீட்டுக் கூரையின் சாம்பல் நிறம் அதுவே. ஆணி அடித்த இடத்தில் பூச்சு கீறினாலும் கவலையில்லை. அருகிலுள்ள துத்தநாகம் தான் கரைந்து, வெளியே தெரியும் இரும்பைக் காக்கும். துத்தநாகம் முற்றும் தீர்ந்த பிறகே அங்கே செம்பழுப்புத் துரு தலைகாட்டும்.

வெள்ளீயத்தின் இயல்பு வேறு. அது இரும்பைவிட மெல்லவே வினைபுரியும். எனவே, பூச்சு முழுமையாக இருக்கும்வரை நீரையும் காற்றையும் உள்ளே விடாத நல்ல கவசம். ஆனால், டின்னின் வெளிப்புறம் ஆழமாகக் கீறி இரும்பு வெளிப்பட்டு, ஈரம் பட்டால், இப்போது கரைவது இரும்பின் முறை. பூச்சே இல்லாத இரும்பைவிட அந்தக் கீறலில் துரு வேகமாகப் பரவும். அப்படியானால் உணவு டின்னுக்குத் துத்தநாகத்தைப் பூசக்கூடாதா? கூடாது. உணவிலுள்ள புளிப்புப் பொருள்களில் துத்தநாகம் எளிதில் கரைந்து உணவைக் கெடுக்கும். வெள்ளீயமோ உணவுக்கு ஏற்றது. 232 பாகை செல்சியஸிலேயே உருகுவதால் பூசுவதும் எளிது. பித்தளைப் பாத்திரங்களுக்கு நம் முன்னோர் ஈயம் பூசியதும் இதனால்தான்.

பேராக் மண்ணும் டேவியின் விதியும்

1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டுரான்ட் என்பவர் உணவைத் தகர டின்னில் அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் டின் உணவு கப்பல்களுக்கும் படைகளுக்கும் செல்லத் தொடங்கியது. டின் தொழில் வளர வளர, வெள்ளீயத்தின் தேவையும் பெருகியது. கார்ன்வாலின் சுரங்கங்கள் மட்டும் அதற்குப் போதவில்லை. லாருட்டிலும், பின்னர்க் கிந்தாவிலும் ஈயம் தோண்டும் பணி பெருகியது. லாருட் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்ல, தைப்பிங்கிலிருந்து இன்று கோலா செப்பேத்தாங் எனப்படும் போர்ட் வெல்டுவரை, சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள மலாயாவின் முதல் இரயில் பாதை 1885இல் திறக்கப்பட்டது. அதை அமைப்பதில் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர்களின் உழைப்பும் சேர்ந்திருந்தது. பின்னர் ரப்பர் தோட்டங்கள் தோன்றின. தமிழர் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. அவர்களின் தலைக்குமேல் துத்தநாகம் பூசிய கூரை. அடுப்படியில் வெள்ளீயம் பூசிய பால் டின். ஒரு டின்னில் பால் தீர்ந்ததும், அது வீட்டில் நீர் மொள்ளும் குவளையாகவும் அரிசி அளக்கும் அளவையாகவும் மாறியது.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங்கில், 1938இல் கட்டப்பட்ட ஈயக் கப்பல் ஒன்று இன்று காட்சிப் பொருளாக நிற்கிறது. ஈயத்தை அள்ளிக் கொடுத்த அந்தக் கப்பலும் இரும்பால் ஆனதே. துருவை எதிர்த்து உலகுக்கே உலோகம் தந்த அதுவும், தன் உடலைத் துருவிடமிருந்து காக்க மனிதரின் பராமரிப்பை நம்பியே நிற்கிறது.

பேராக்கின் கடற்கரையில் உள்ள லூமுட், நம் நாட்டுக் கடற்படையின் தளம். இன்றைய கப்பல்கள் எஃகால் கட்டப்படுகின்றன. அவற்றின் அடிப்பகுதியில் துத்தநாகம் போன்ற உலோகக் கட்டிகளைப் பொருத்துவது உலகெங்கும் வழக்கம். கட்டிகள் கரைந்து சிறுத்ததும், கப்பலைப் பட்டறையில் ஏற்றிப் புதியவற்றைப் பொருத்துவர். பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கத் தனிச் சாயம் பூசுவர். டேவியை வருத்திய இரண்டு சிக்கல்களும் இன்று தனித்தனியே தீர்க்கப்பட்டுவிட்டன. எந்த முறை பயனற்றது என்று 1825இல் ஒதுக்கப்பட்டதோ, அதே முறை இன்று கப்பல்களையும் கடலடிக் குழாய்களையும் பாலத் தூண்களையும் காத்து நிற்கிறது.

டேவி இதைக் காண உயிரோடு இல்லை. தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் ஏளனத்தையும் சந்தித்தார். ஆனால், கூர்ந்து கவனித்ததையும் அளந்து பார்த்ததையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்தார். அதனால்தான் பின்வந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. அடுத்த முறை மழை பெய்யும்போது ஜிங்க் கூரையில் எழும் ஓசையைக் கேளுங்கள். ஒவ்வொரு மழையிலும் அந்த மெல்லிய பூச்சு அணு அணுவாய்த் தேய்ந்துகொண்டிருக்கிறது. அது தேய்வதால்தான் அடியிலுள்ள இரும்பு நிலைக்கிறது.